எல்லாரும் தலையாட்டினால் உஷாராகுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட் ஆப் செய்துகொண்டிருந்தோம். தொடக்கத்தில், என்ன செய்யப்போகிறோம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வதற்காக இரண்டு மணி நேர வொர்க்‌ஷாப். சண்டை, சச்சரவு எதுவும் இல்லாமல் முடிந்ததால் நல்ல சகுனம் என்று நினைத்தோம். ஆறாவது வாரம் டெமோவில் குட்டு உடைந்தது. 'புக்கிங் முடிந்தது' என்றால் எங்களுக்கு நோயாளி பட்டனை அழுத்துவது. வரவேற்பில் இருப்பவர்களுக்கு டோக்கன் நம்பர் கொடுப்பது. கணக்குப் பிரிவுக்கோ பணம் வந்து சேர்வது. சொல் ஒன்று, அர்த்தம் மூன்று.

அன்றைக்கு நாங்கள் செய்த முதல் தவறு, வாயால் பேசி முடித்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து, 'இந்த வேலை முடிந்தது என்று எப்போது சொல்வீர்கள்?' என்று ஒரே வரியில் எழுதச் சொல்லிச் சுவரில் ஒட்டுங்கள். வித்தியாசம் பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, மேனேஜரை முதலில் பேச விடுவது. அவர் ஒரு தேதியைச் சொன்னால் அதற்கப்புறம் வருவதெல்லாம் ஆமாம் சாமிதான். சத்தமில்லாமல் எழுதி, பிறகு ஒவ்வொருவராக வாசித்து, கடைசியில் ஓட்டுப் போடும் முறையை 1970களின் தொடக்கத்திலேயே டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் வகுத்துவிட்டார்கள். என் பங்குக்கு ஒன்று: வாசிப்பதை டீமில் புதிதாகச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்குங்கள், மேனேஜர் கடைசி.

"ஏதாவது ரிஸ்க் இருக்கா?" என்று கேட்பதும் வீண்தான். அபசகுனமாகப் பேசுகிறவர் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய 'ப்ரீ-மார்ட்டம்' இந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. ப்ராஜெக்ட் படுதோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ஏன் தோற்றது என்று ஆளாளுக்கு எழுதுங்கள். இப்போது குறை சொல்வதே கொடுத்த வேலை ஆகிவிடுகிறது. அந்த டெமோவுக்குப் பிறகு மறுபடி உட்கார்ந்து இதைச் செய்தோம். வரவேற்பிலிருந்து வந்த அக்கா எழுதிய சீட்டு: "டாக்டர் ஆபரேஷனில் மாட்டிக்கொண்டார். நாற்பது பேருக்கு டோக்கன் கொடுத்தாச்சு." அறையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. முதல் வொர்க்‌ஷாப்புக்கு அவரை நாங்கள் கூப்பிடவே இல்லை.

ஆட்களைப் பற்றிச் சொல்வதென்றால், கூட்டம் சேர்ப்பதும் தவறு, முடிவெடுப்பவர் "கடைசி பத்து நிமிஷம் வந்துடறேன்" என்பதை ஏற்பதும் தவறு. கூகுளின் முதலீட்டுப் பிரிவாக இருந்த கூகுள் வென்ச்சர்ஸில் வளர்ந்த 'டிசைன் ஸ்பிரின்ட்', அதாவது ஒரு யோசனையை ஐந்து நாளில் மாதிரி செய்து சோதித்துப் பார்க்கும் முறை, ஏழு பேருக்கு மேல் வேண்டாம் என்கிறது. முடிவெடுப்பவரும் அதில் ஒருவராக இருந்தாக வேண்டும். அதற்காக மூன்று வார வேலைக்கு ஐந்து நாள் ஸ்பிரின்ட் நடத்தாதீர்கள், அரை நாள் தாராளம்.

தகவல்களைச் சேமிக்க எந்த டேட்டாபேஸ் என்று யாராவது ஆரம்பித்தால் போர்டின் ஓரத்தில் குறித்துவிட்டு நகருங்கள். அந்தப் பேச்சு தொடங்கினால் டெவலப்பர்களைத் தவிர மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

முடிந்ததும் போர்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுப் போவதுதான் எல்லாரும் செய்வது. மறுநாள் குட் மார்னிங் செய்திகளுக்கு அடியில் அது புதைந்துவிடும். அன்றே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: செய்யப்போவது, செய்யப்போவதில்லை, இன்னும் முடிவாகாதது, அதை யார் எந்தத் தேதிக்குள் முடிவு செய்வார். இரண்டாவது பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். மறுபடி உட்கார்ந்த அன்று அந்தப் பகுதியில் நாங்கள் எழுதிய முதல் வரி, 'ஆப்பில் பணம் கட்டும் வசதி இப்போதைக்கு இல்லை.' கணக்குப் பிரிவு முகத்தைச் சுளித்தது. ஆனால் இந்த முறை ஆறாவது வாரத்தில் இல்லை, முதல் நாளே.