துருவ மலை மண்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித் தருகிறேன். துருவ மலைகளின் மண்ணும் பாறைச் சிதைவும் என்று கேட்டால் ஒரே மாதிரித் தவறுகள்தான் வருகின்றன. பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்று: குளிர் இருந்தால் ஈரமும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வது.

அண்டார்க்டிகாவின் மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 15 முதல் மைனஸ் 30 டிகிரி வரை. விழும் பனியை உருக்கி அளந்தால் ஆண்டுக்கு 100 மி.மீ.கூடத் தேறாது. அதிலும் பெரும்பகுதி நீராகாமலே ஆவியாகிவிடும். சுமார் 900 மி.மீ. பெய்யும் நம் சீமையையே வறண்ட சீமை என்கிறோம். அதனால், "விரிசலில் நீர் புகுந்து உறைந்து பாறையைப் பிளக்கும்" என்று எடுத்த எடுப்பில் எழுதாதீர்கள். நீர் உறைந்தால் 9 சதவீதம் பருக்கும், சரி. பருக்க முதலில் நீர் வேண்டுமே!

அங்கே உப்புக்குத்தான் பெரிய பங்கு. கடல் காற்றில் வரும் குளோரைடும் சல்பேட்டும், வளிமண்டலத்திலிருந்து படியும் நைட்ரேட்டும், கழுவிப் போக மழை இல்லாமல் தங்கிவிடுகின்றன. பாறையின் நுண்துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து மணி மணியாகப் பெயர்க்கின்றன. பழைய வளவு வீடுகளில் கீழ்ச்சுவர் வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்டாலே காரை மாவாக உதிருமே, அதே வேலைதான். சுவருக்குத் தரை ஈரம் துணை. அங்கே, கோடை வெயிலில் சூடேறிய கரும்பாறைமேல் பனித்தூள் கொஞ்சம் உருகினாலே போதும். காற்று பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்போதும் பாறைமேல் இப்படி உருகும். காற்றின் வெப்பநிலையை மட்டும் வைத்து முடிவுகட்டுவதும் தவறு.

நிறத்திலும் ஏமாறுகிறார்கள். நம் செம்புறாங்கல் மழையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கியது என்பதால், சிவப்பு மண் என்றாலே வெப்ப நாடு என்று எழுதிவிடுகிறார்கள். துருவ மலைகளிலும் பழைய மண் செம்பழுப்பாக இருக்கும். பாறையிலுள்ள இரும்பு மிக மிக மெதுவாகத் துருவேறியதன் விளைவு அது. ஆகவே, "குளிர்நாட்டு மண், இளம் மண்" என்பதும் நிற்காது. உயரமான சில இடங்களில் பத்து லட்சம் ஆண்டுகளில் ஒரு மீட்டர்கூட அரிப்பு நடப்பதில்லை.

நிரந்தர உறைநிலம் என்றால் பனிக்கட்டி இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியத்திலோ அதற்குக் கீழோ இருந்தால் போதும். பனிக்கட்டியே இல்லாமல் பொலபொலவென்று கிடக்கும் உறைநிலமும் உண்டு. செடி இல்லாததால் மண்ணே இல்லை என்றும் சொல்லாதீர்கள். நூற்புழுக்கள் வாழும் மண் அது.

அப்புறம், அண்டார்க்டிகா முழுவதும் ஒன்றுபோல் இல்லை. நம் நாட்டின் ஆய்வு நிலையமான மைத்ரி இருக்கும் சிர்மாக்கர் பகுதியில் கோடையில் பனி உருகி ஏரிகளில் சேர்கிறது, பாசியும் வளர்கிறது. அந்த இடத்தைச் சொல்லி, நீர் உறைந்து பாறையைப் பிளக்கும் உறைபனிப் பிளவு பற்றி எழுதினால் தாராளமாக மதிப்பெண் போடுவேன்.