வீடு கட்டும்போது உரிமையாளர் செய்யும் தவறுகள்: பத்திரத்தில் அந்த ஒரு வரி

கட்டுமான இடத்தில் யாருக்காவது அடிபட்டால் வரும் நஷ்டஈட்டு வழக்குகளை நடத்துகிறவன் நான். சாரத்துக்குப் பச்சை வலை கட்டுங்கள், ஆளுக்கு ஹெல்மெட் கொடுங்கள் என்பதையெல்லாம் மேஸ்திரியே சொல்லிவிடுவார், அதற்குள் போகவில்லை. போன வாரம் ஜூனியர் ஒருவர் தயாரித்த கட்டுமான ஒப்பந்தத்தைப் புரட்டினால், அந்தப் பழைய வரி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அவர் வயதில் நாங்கள் எல்லோரும் எழுதிய வரிதான்.

‘விபத்து ஏற்பட்டால் ஒப்பந்ததாரரே முழுப் பொறுப்பு’

சென்னைப் புறநகரில் ஒருவர் இரண்டாவது மாடி எழுப்பினார். சென்ட்ரிங் பிரிக்கும்போது ஒரு பலகை நழுவி, தெருவில் பைக்கில் போனவர் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். அவரால் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தும் உரிமையாளர் பதறவில்லை. ஒப்பந்தப் பத்திரத்தை லேமினேட் செய்தே வைத்திருந்தார். என் மேசைமேல் போட்டு, “இதுல தெளிவா போட்டிருக்கு சார்” என்றார்.

“அடிபட்டவர் இதுல எங்கே கையெழுத்துப் போட்டிருக்கார்?” என்று கேட்டேன்.

விஷயம் அவ்வளவுதான். ஒப்பந்தம் கையெழுத்திட்ட இருவரைத்தான் கட்டும்; தெருவில் போகிறவரைக் கட்டாது. தன் போக்கில் வேலை செய்யும் ஒப்பந்ததாரரின் கவனக்குறைவுக்கு உரிமையாளர் பொதுவாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால், பொதுத் தெருவுக்கு மேலே தொங்குகிற ஆபத்து அந்த விதிக்குள் அடங்காது. நடைபாதைக்கு மேலே நீட்டியிருந்த விளக்கு ஒருவர்மேல் விழுந்த வழக்கில், “பழுது பார்க்க ஆள் வைத்தேனே” என்று வீட்டுக்காரர் சொன்ன வாதம் இங்கிலாந்தில் 1876-லேயே எடுபடவில்லை. டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில், 1966-ல் நம் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகச் சொன்னது: சாலையோரக் கட்டடத்தில் குறை இருந்தது தெரியாது என்று உரிமையாளரான மாநகராட்சி தப்பிக்க முடியாது. அந்தக் கூண்டுக்கு வயது 80. அதன் சாந்துக்கு ஆயுளே 40, 45 ஆண்டுதான்.

அப்படியானால் அந்த வரி வீணா? இல்லை. நீங்கள் கட்டிய நஷ்டஈட்டை ஒப்பந்ததாரரிடம் திரும்பக் கேட்க அது உதவும். கேட்டால் கொடுக்க அவரிடம் ஏதாவது இருக்க வேண்டுமே! இந்த மேஸ்திரியின் போன் நோட்டீஸ் வந்த வாரமே சுவிட்ச் ஆஃப். கடைசியில் பேசித் தீர்த்த பணம் முழுக்க உரிமையாளர் கையிலிருந்துதான் போனது. கிரானைட்டுக்கு ஒதுக்கியிருந்த பணம்.

வரியை எழுதுங்கள், கூடவே இன்ஷூரன்ஸும் கேளுங்கள். கட்டுமான வேலைக்கென்றே உள்ள ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசியில், வெளியாட்களுக்கு அடிபட்டால் ஈடு கொடுக்கும் மூன்றாம் நபர் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். அது வேலையாட்களுக்குப் பொருந்தாது, அவர்களுக்குத் தனி பாலிசி வேண்டும். பாலிசி நகல் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

லேபர் கான்ட்ராக்ட்

பொருள் உங்களுடையது, கூலி வேலை மட்டும் மேஸ்திரியுடையது என்கிற இந்த ஏற்பாட்டில் உங்கள் நிலை இன்னும் பலவீனம். எம்-சாண்ட் லோடு இறக்கச் சொன்னது நீங்கள், பில் உங்கள் பெயரில். பாதித் தெருவை அடைத்த குவியலில் ராத்திரி ஒரு பைக் சறுக்கினால் மேஸ்திரியைக் கைகாட்ட முடியாது. பொதுவழியை மறித்ததற்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 285-வது பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம். நஷ்டஈடு அதற்கு மேல்.

பக்கத்து வீட்டுச் சுவர்

பழைய விரிசலும் உங்கள் தலையில் விழாமலிருக்க, அஸ்திவாரம் தோண்டும் முன்பே அவர் சுவரிலுள்ள விரிசல்களைத் தேதியோடு படம் எடுங்கள், அவரையும் கூட வைத்துக்கொண்டு.

“பிள்ளையைப் பெத்தவங்க பார்த்துக்கணும்”

தண்ணீர் நின்ற செப்டிக் டேங்க் குழியை மூடாமல் விட்டவர், அதில் ஒரு பிள்ளை விழுந்த பிறகு இப்படிச் சொன்னால் எடுபடாது.

கையில் ஐயாயிரம் கொடுத்து அனுப்புவது

அடிபட்டவருக்குக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.