கரடி நடமாடும் மலையில் கூடாரம் போடுவோருக்கு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில், ஜென்னி ஏரி, கோல்ட்டர் பே போன்ற வசதிகள் அமைந்த முகாம்களில் தங்கினாலும், கருங்கரடியும் கிரிஸ்லி கரடியும் வாழும் காட்டுக்குள்தான் நாம் இருக்கிறோம் என்பதை மறக்கலாகாது. உணவுப் பொருள்களை மட்டுமல்லாமல், பற்பசை, சோப்பு, வெயில் களிம்பு, கழுவாத பாத்திரம், காலியான ஐஸ் பெட்டி என வாசனையுள்ள அனைத்தையும், பயன்படுத்தாத நேரமெல்லாம், பகலிலும்கூட, அங்குள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்துத் தாழிட வேண்டும். மேசையில் சிப்ஸ் பொட்டலத்தை விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு நடப்பவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. மனித உணவின் ருசி கண்ட கரடி மீண்டும் மீண்டும் முகாமுக்கு வரும். இறுதியில் அதைக் கொல்லவேண்டிய நிலைகூட ஏற்படலாம். கரடி, ஓநாய் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 91 மீட்டரும், பிற விலங்குகளிலிருந்து 23 மீட்டரும் விலகி நிற்பது அங்குள்ள விதி.

பாத்திரம் கழுவிய நீரைத் தரையில் கொட்டாமல், அதற்கென உள்ள தொட்டியில் ஊற்ற வேண்டும். விறகை வெளியூரிலிருந்து கொண்டுசெல்லாமல் அங்கேயே வாங்கினால், மரங்களை அழிக்கும் பூச்சிகள் பரவாது. தீ மூட்டத் தடை உள்ளதா என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். மூட்டினால், உறங்கச் செல்லுமுன் நீரூற்றிக் கிளறி, புறங்கையை அருகில் கொண்டுசென்று பார்த்து, சூடு சிறிதும் இல்லை என்று உறுதியாகும்வரை மீண்டும் நீரூற்றுங்கள்.