மும்பை லோக்கல்: ஏறும் முன் இறங்குவதை யோசியுங்கள்

மும்பை லோக்கல் ரயிலுக்குப் புதியவர்கள் ஏறுவதற்குத்தான் பயப்படுவார்கள். அதைக் கூட்டமே பார்த்துக்கொள்ளும். சிக்கல் இறங்குவதில்தான்.

சர்ச்கேட்டிலிருந்து வடக்கே போவது வெஸ்டர்ன் தடம். சிஎஸ்எம்டியிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) தாணே, கல்யாண் பக்கம் போவது சென்ட்ரல். பன்வேல் பக்கம் ஹார்பர். வெஸ்டர்னுக்கும் சென்ட்ரலுக்கும் மாற தாதர் வசதி.

பிளாட்ஃபாரப் பலகையில் கடைசி நிலையம், நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். கட்டாயம் பார்க்க வேண்டியது ஓர் எழுத்து: எஸ் என்றால் ஸ்லோ, எஃப் என்றால் ஃபாஸ்ட். மாட்டுங்காவில் இட்லி சாப்பிடக் கிளம்பி, சிஎஸ்எம்டியில் ஃபாஸ்ட் ஏறினால் மாட்டுங்கா ஜன்னலில் ஓடி மறையும். குர்லாவில் இறங்கி, ஸ்லோ பிடித்துத் திரும்ப வேண்டியதுதான். (வெஸ்டர்னில் இருப்பது மாட்டுங்கா ரோடு, அது வேறு நிலையம்.)

காலை 8 முதல் 11 வரை தெற்கே போகும் வண்டிகளையும், மாலை 5.30 முதல் 8.30 வரை வடக்கே போகும் வண்டிகளையும் தவிருங்கள். எதிர்த்திசையில் மூச்சு விடலாம். பெட்டி படுக்கையோடு இந்த நேரத்தில் ஏறவே வேண்டாம், டாக்ஸி பிடியுங்கள். மகளிர் பெட்டியும் ஃபர்ஸ்ட் கிளாஸும் அதே வண்டியில்தான் வரும். அவசரத்தில் மாறி ஏறினால் அபராதம். ஏசி லோக்கலுக்கு டிக்கெட் தனி.

உள்ளே போனதும் முதுகுப்பையை மார்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் பாதி உடம்பை ஒட்டவைத்திருப்பார். அது 'சௌத்தி சீட்' (நான்காவது சீட்), எழுதாத உரிமை. கேட்டால் நகர்ந்து கொடுப்பார்கள், நீங்களும் கொடுக்க வேண்டும்.

வண்டி நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. அதனால் ஒரு நிலையம் முன்னதாகவே வாசலை நோக்கி நகருங்கள். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உத்தர்னா ஹை?" (தாதரில் இறங்கணுமா?) என்று கேளுங்கள். ஆமென்றால் அவர் பின்னாலேயே நில்லுங்கள். இல்லையென்றால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம் வரும் என்றும் அவரையே கேட்டுவிடுங்கள். தப்பான வாசலில் நின்றால் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரவே முடியாது. கூட்ட நேரத்தில் போரிவலி போக, அதைத் தாண்டிப் போகும் விரார் ஃபாஸ்ட் வேண்டாம். விரார்க்காரர்கள் வாசலை விட்டு நகர மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் 'மெகா பிளாக்' உண்டா என்று முதலில் பாருங்கள். தண்டவாள வேலைக்காகப் பகலில் சில மணி நேரம் ஒரு தடத்தை மூடி, ஃபாஸ்ட் வண்டிகளையும் ஸ்லோ தடத்தில் விடுவார்கள்.