சின்ன காரில் நிம்மதியாகத் தூங்க: பலகை, காற்று, அப்புறம் மெத்தை

காரில் தூங்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் மெத்தை வாங்கப் போகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேளாங்கண்ணி போகும் வழியில் ஓர் இரவு, முன்சீட்டை முழுக்கச் சாய்த்து, அதன்மேல் மெத்தென்று இரண்டு ரஜாயை மடித்துப் போட்டுப் படுத்தேன். விடிந்தபோது இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. உட்காரும் பகுதியும் சாய்மானமும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரவெல்லாம் என் இடுப்பு அதற்குள் இறங்கிக் கிடந்திருக்கிறது. எத்தனை ரஜாய் போட்டாலும் அந்தப் பள்ளம் பள்ளம்தான். அதனால் முதலில் தளத்தைச் சமமாக்குங்கள், அடுத்து காற்றுக்கு வழி செய்யுங்கள். மெத்தைக்குப் பணம் செலவழிப்பது அதற்குப் பிறகுதான்.

என்னிடம் இருப்பது 2019-இல் வந்த வடிவத்து வேகன்ஆர். நீளம் 3,655 மி.மீ., அகலம் 1,620, உயரம் 1,675. இந்த உயரம்தான் பெரிய வசதி: படுக்கையில் எழுந்து உட்கார்ந்து சட்டை மாற்றலாம். உயரம் குறைந்த ஹேட்ச்பேக் என்றாலும் கீழே சொல்லும் முறையே பொருந்தும், தலையை மட்டும் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும்.

படி 1: அளவெடுங்கள்

பின்சீட்டின் சாய்மானத்தை மடித்துப் போடுங்கள். இடதுபக்க முன்சீட்டின் தலைச்சாய்வைக் கழற்றி, சீட்டை முடிந்தவரை முன்னால் தள்ளி, அதன் சாய்மானத்தையும் முன்பக்கமாகச் சாய்த்துவிடுங்கள். இப்போது டிக்கி கதவின் உட்பக்கத்திலிருந்து முன்சீட்டின் முதுகு வரை டேப் பிடியுங்கள். தரையோடு பிடிக்காதீர்கள், நீங்கள் படுக்கப்போகும் உயரத்தில் பிடியுங்கள். அங்கே கிடைக்கும் நீளம் வேறாக இருக்கும்.

உங்கள் உயரத்தைவிட 5 செ.மீ. அதிகம் கிடைத்தால் நேராகப் படுக்கலாம். கிடைக்கவில்லையா? வலதுபக்க முன்சீட்டையும் அதேபோல முன்னால் தள்ளிச் சாய்த்து, மூலைவாட்டாகப் படுங்கள். 165 செ.மீ. நீளமும் 100 செ.மீ. அகலமும் உள்ள தளத்தில் மூலைக்கு மூலை 193 செ.மீ. வருகிறது. தோள் அகலம் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஆனாலும் 175 செ.மீ. உயரம் உள்ளவர் கால் மடக்காமல் படுக்கலாம். இரண்டு பேர் படுக்க இந்த அளவு காரில் முடியும், ஆனால் இருவரும் புரளாமல் தூங்குபவர்களாக இருக்க வேண்டும். முதல் முறை தனியாகவே முயன்று பாருங்கள்.

படி 2: பலகை

மடித்த சீட்டின் முதுகு சரிவாக இருக்கும். டிக்கித் தரை அதைவிடத் தாழ்ந்திருக்கும். முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடம் வெறும் குழி. இந்த மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் பலகையின் வேலை.

12 மி.மீ. பிளைவுட் போதும். 8-க்கு 4 அடி முழு ஷீட் ஏறக்குறைய 22 கிலோ எடை வரும். ஒருவர் படுக்க 60 செ.மீ. அகலத்தில் அறுத்தால் 8 கிலோதான். அதை மூன்று துண்டாக்கி, நடுவே கீல் வைத்து மடிக்கும்படி செய்துகொள்ளுங்கள். பகலில் மடித்து டிக்கியில் போட்டுவிடலாம், பின்சீட்டில் ஆட்கள் உட்காரலாம். குழிக்கு மேல் வரும் துண்டுக்கு மட்டும் இரண்டு மரக்கால் வேண்டும். டிக்கிப் பக்கத்துத் துண்டுக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் சரிசெய்யலாம். உங்கள் தெருவில் இருக்கும் ஆசாரியிடம் அளவைக் கொடுத்தால் அரை நாள் வேலை. மூலைகளை உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பலகையின் அடியில் பழைய கார்பெட் துண்டுகளை ஒட்டினால் புரளும்போது கிறீச் சத்தம் வராது.

தளத்தை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். அடியில் பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று பலர் 30 செ.மீ. உயர்த்திவிடுகிறார்கள். அப்புறம் எழுந்து உட்கார முடிவதில்லை. பைகளுக்கு ஓட்டுநர் சீட்டே போதும்.

இன்னொன்று: சீட்டைக் கழற்றி எடுப்பது, காரின் பாடியில் வெல்டிங் வைப்பது எதுவும் வேண்டாம். உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எடுத்து வைக்கும் பலகை என்றால் அந்தக் கவலையே இல்லை.

படி 3: காற்று

இதைக் கவனமாகப் படியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுத் தூங்கவே கூடாது. நிற்கும் வண்டியின் புகை சுற்றிலும் தேங்கி உள்ளே வரலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 200 மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தூக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. கேஸ் அடுப்பு, கரி அடுப்பு, கொசுவத்திச் சுருள் எதையும் உள்ளே பற்றவைக்காதீர்கள்.

அதற்குப் பதில்: எதிரெதிர் பக்கத்தில் இரண்டு கண்ணாடிகளை இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே ஓடாது. கொசுவுக்கு, தலையணை உறை போல ஒரு வலை தைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து, அதன் மேல்பாதியில் இதை மாட்டிக் கீழே இழுத்துவிட்டு மூடினால் கண்ணாடியை முழுதும் இறக்கலாம், கொசு வராது. கொசுவலைத் துணி இரண்டு மீட்டர் வாங்கினால் இரண்டு கதவுக்கும் சரியாக இருக்கும். ஆள் நடமாட்டம் உள்ள இடம் என்றால் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இறக்க வேண்டாம். மழைக்காலத்தில் கண்ணாடிக்கு மேலே ஒட்டும் மழைத்தடுப்புப் பட்டை இருந்தால் சாரல் உள்ளே வராது.

காற்றே இல்லாத இரவுக்கு யூஎஸ்பி விசிறி. 10,000 எம்ஏஎச் பவர்பேங்கில் 4 வாட் விசிறி ஏழெட்டு மணி நேரம் ஓடும். இரவுக்கு அது போதும். விசிறியை முகத்துக்கு நேராக வைக்காமல், திறந்த கண்ணாடியிலிருந்து காற்றை உள்ளே இழுக்கும்படி வையுங்கள்.

குளிர் என்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டால், விடியும்போது கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருக்கும். ஒருவர் இரவில் விடும் மூச்சிலேயே ஒரு டம்ளர் அளவுக்கு ஈரம் இருக்கிறது. மலையிலும் இரண்டு விரல் திறந்தே இருக்கட்டும்.

படி 4: மெத்தை

பலகை சமமாக இருந்தால் 3 அங்குல ஃபோம் போதும். கடையில் 32 டென்சிட்டி என்று கேளுங்கள். பக்கவாட்டில் படுத்துப் பாருங்கள்: இடுப்பெலும்பு பலகையைத் தொட்டால் இன்னும் ஒரு அங்குலம் கூட்டுங்கள். இலவம்பஞ்சு மெத்தை சுகம்தான், வீட்டில் நானும் அதில்தான் படுக்கிறேன். காருக்கு வேண்டாம். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெயிலில் போட்டு உலர்த்த வழியில் இடம் கிடைக்காது.

சமவெளியில் ஃபோமின் மேல் ஒரு கோரைப்பாய் விரியுங்கள். ஃபோமில் நேராகப் படுத்தால் முதுகு வேர்க்கும், பாய் அந்த வேர்வையை வெகுவாகக் குறைக்கிறது. மலைக்குப் போகும்போது பாயை எடுத்துவிட்டு ரஜாயைப் பாதி அடியில் பாதி மேலே போடுங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: இடமும் நிறுத்தும் விதமும்

நெடுஞ்சாலையில் இரவு முழுதும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க், பெரிய கோயில் ஊர்களின் கட்டண வாகன நிறுத்தம் இரண்டும் எனக்கு ஒத்துவந்தவை. பங்கில் டீசல் போடும் அண்ணனிடம் "அண்ணே, காலை வரைக்கும் ஓரமா நிறுத்திக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கேட்டவரின் வண்டியை அவர்களே ஒரு கண் பார்த்துக்கொள்கிறார்கள். காட்டுச் சாலை ஓரம் வேண்டாம். பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை நம் போன்றவர்களின் வண்டிகளுக்கு அனுமதியே கிடையாது. அது யானைகளின் நேரம். தென்னை மரத்தடியும் வேண்டாம்.

கிழக்கே ஒரு கட்டடமோ அடர்ந்த மரமோ இருக்கும்படி நிறுத்தினால் காலை வெயில் முகத்தில் அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

நிறுத்தியதும் பலகை மேல் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். அது உருளும் பக்கம்தான் தாழ்வு. பக்கவாட்டில் உருண்டால், தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னால் ஒரு பலகைத் துண்டு போட்டு ஏற்றி நிறுத்துங்கள். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பரவாயில்லை, கால்பக்கம் உயர்ந்தால் தலை கனத்துத் தூக்கம் கெடும். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரிலும் விடுங்கள்.

தலை முன்பக்கம், கால் டிக்கிப் பக்கம் என்று படுங்கள். பல சின்ன கார்களில் டிக்கி கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. அவசரத்துக்குக் கைக்கு எட்டும் கதவு தலைமாட்டில் இருக்க வேண்டும். சாவி, டார்ச், தண்ணீர் மூன்றுக்கும் ஓர் இடம் வைத்து, எப்போதும் அங்கேயே வையுங்கள். பூட்டுவதற்கு ரிமோட்டை அழுத்தாமல் உள்பக்கப் பூட்டைப் போடுங்கள். ரிமோட்டில் பூட்டிவிட்டு உள்ளிருந்து கதவைத் திறந்தால் சில வண்டிகளில் அலாரம் அலறும், நடு இரவில் சுற்றியுள்ளவர்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

காலையில் கிளம்பும் முன் ஃபோமைத் தூக்கி அடியைத் தடவிப் பாருங்கள். பலகை ஈரமாக இருந்தால் துடைத்து, டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும்.