1967-இன் ஆல்பங்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

சைக்கடெலிக் ராக் (கனவு, மயக்க நிலை போன்ற அனுபவத்தை ஒலியில் கொண்டுவர முயன்ற 1960-களின் ராக் இசை) என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற பாட்டு ஒன்றைத் தேடிப்பிடித்துக் கேட்பார்கள். மூன்று நிமிடத்தில் அது முடிந்துவிடும். "இதற்கா இத்தனை பேச்சு?" என்று விட்டுவிடுவார்கள். 1967-இல் வந்த ஆல்பங்களை அப்படிக் கேட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. லண்டனிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்த ராக் குழுக்கள், இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் சேர்த்து யோசிக்கத் தொடங்கிய ஆண்டு அது. பின்னால் புரோகிரஸிவ் ராக் என்று பெயர் பெற்ற, நீண்டு விரியும் பாட்டுகளைக் கொண்ட இசைக்கு அங்கேதான் விதை விழுந்தது. எனக்கு மிகவும் பிடித்த நான்கு ஆல்பங்களை, அவை வெளிவந்த வரிசையிலேயே கேட்கும் வழியை இங்கே சொல்கிறேன். அந்த வரிசையே காது பழகுவதற்கும் ஏற்றது.

படி 1: சரியான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி வரும் ஹெட்ஃபோன் வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. செயலியில் பாடல்களை முன்பின்னாக மாற்றிப் போடும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

அந்தக் காலத்தில் ஒரே ஆல்பம் பிரிட்டனில் ஒரு பாடல் வரிசையோடும் அமெரிக்காவில் வேறு வரிசையோடும் வந்திருக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பத்துக்கு பிரிட்டிஷ் பதிப்பையே தேடுங்கள்; 'அஸ்ட்ரானமி டாமினி' என்ற பாட்டோடு தொடங்கினால் அதுதான் சரியானது. ஆண்டுவிழாப் பதிப்புகளில் ஒத்திகை ஒலிப்பதிவுகள் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும். மூல ஆல்பம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: தி டோர்ஸ் – 'தி டோர்ஸ்' (ஜனவரி)

தொடங்குவதற்கு இதுவே எளிது. ஹாலிவுட்டின் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் 1966 ஆகஸ்டில் பதிவானது. ஒலி வித்தைகள் குறைவு. நால்வர் எதிரே நின்று வாசிப்பது போலவே இருக்கும். குழுவில் பேஸ் கிதார் கலைஞர் கிடையாது. மேடையில் ரே மான்சாரெக் இடது கையால் கீபோர்டு பேஸையும் வலது கையால் ஆர்கனையும் வாசித்தார்.

முதல் பக்கம் 'லைட் மை ஃபயர்' பாட்டில் முடிகிறது. வானொலிக்காக இதன் நடுப்பகுதியை வெட்டி, ஏறத்தாழ மூன்று நிமிடமாகச் சுருக்கினார்கள். நீங்கள் ஏழு நிமிடத்தையும் கேளுங்கள். வெட்டப்பட்ட அந்த இடையிசையில் இரண்டே கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) மாறிமாறி வர, அவற்றின்மேல் முதலில் ஆர்கனும் பிறகு கிதாரும் நிதானமாக விரிகின்றன. இந்த இசையில் பாட்டு வரிகள் வாசல் மட்டுமே என்பது இங்கே பிடிபட்டுவிடும்.

படி 3: பீட்டில்ஸ் – 'சார்ஜெண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' (மே–ஜூன்)

இங்கே அவசரம் கூடாது. 1963-இல் தங்கள் முதல் ஆல்பத்தின் பத்துப் பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்த குழு இது. 1966 ஆகஸ்டோடு மேடைக் கச்சேரிகளை நிறுத்தியது. மேடையில் வாசித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் போனதும், லண்டன் ஆபி ரோட்டிலுள்ள இஎம்ஐ ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து இந்த ஆல்பத்தை உருவாக்கினார்கள். அங்கே இருந்தவை நான்கு ட்ராக், அதாவது நான்கு தனி ஒலித்தடங்கள் மட்டுமே கொண்ட டேப் கருவிகள்தாம். நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பில் ஏற்றி, மீதி இடத்தில் மேலும் பதிவு செய்தார்கள்.

முதல் நாள் முதல் பக்கத்தை மட்டும் கேளுங்கள். இரண்டாம் பக்கத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கம் ஜார்ஜ் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ'. பீட்டில்ஸில் வேறு யாரும் இதில் வாசிக்கவில்லை. லண்டனில் இருந்த இந்திய இசைக் கலைஞர்கள் தில்ரூபாவும் (வில்லால் வாசிக்கும் வட இந்தியத் தந்தி வாத்தியம்) தபலாவும் வாசித்தார்கள். மெட்டு கமாஜ் தாட் என்ற இந்துஸ்தானி சுர வரிசையில் அமைந்தது. நம் கணக்கில் அவை ஹரிகாம்போதியின் சுரங்கள். குரலை ஒட்டியே தில்ரூபா வருவதைக் கவனியுங்கள். நம் கச்சேரியில் பாடகரைத் தொடர்ந்து வயலின் வருமே, அதே உறவு. இடையிசையில் தாளம் பத்து மாத்திரைக்கு மாறும். கண்ட சாபு போட்டுப் பழகிய கைகள் அங்கே தாமாகச் சேர்ந்துகொள்ளும். மேற்கத்திய ரசிகர்கள் பலர் தாண்டிப்போகும் இந்தப் பாட்டில் நாம் ஒரு படி முன்னால் இருக்கிறோம்.

அடுத்து, கடைசிப் பாட்டான 'எ டே இன் தி லைஃப்'. இதை மூன்று முறை கேட்கச் சொல்வேன்.

முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை நடுவில் வரும் ஏற்றத்தைக் கவனியுங்கள். பாட்டின் நடுவே 24 பார் (மேற்கத்திய இசையின் தாளச் சுற்று) அளவுக்கு வெற்றிடம் விட்டுத்தான் முதலில் பதிவு செய்தார்கள். உதவியாளர் மால் எவன்ஸ் அந்த 24-ஐயும் வாய்விட்டு எண்ணினார். முடிவைக் காட்ட ஓர் அலாரம் கடிகாரம் அடித்தது. 1967 பிப்ரவரி 10 அன்று 40 இசைக்கலைஞர்கள் வந்தார்கள். அவரவர் வாத்தியத்தின் மிகக் கீழான சுரத்தில் தொடங்கி, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல், 24-ஆவது பாரில் உச்சத்தை எட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட உத்தரவு. அதை நான்கு முறை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். கூர்ந்து கேட்டால் எவன்ஸ் எண்ணும் குரல் மங்கலாகக் கேட்கும். கடிகாரமும் பாட்டிலேயே தங்கிவிட்டது, அடுத்த வரி தூங்கி எழுவதைப் பற்றியது என்பதால்.

மூன்றாம் முறை கடைசிக் கார்டுக்காகக் கேளுங்கள். பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த ஈ மேஜர் கார்டு அது. ஒலி தேயத் தேய, பதிவுப் பொறியாளர் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போனார். அதனால் 40 நொடிக்கு மேல் நீள்கிறது. ஸ்டுடியோவில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவதுகூடப் பதிவாகியிருக்கிறது. ஸ்டுடியோவே ஒரு வாத்தியமாக ஆகிவிட்டது என்று விமர்சகர்கள் எழுதுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆல்பம் பிடித்துப்போனால் மோனோ பதிப்பையும் (இரு காதிலும் ஒரே ஒலி வருவது) தேடுங்கள். குழுவினர் அக்கறையோடு கூட இருந்து ஒலிக்கலவை செய்தது அதைத்தான். 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' மோனோவில் சற்று வேகமாகவும் சுருதி ஏறியும் இருக்கும். சோகம் குறைந்து கதை விறுவிறுப்பாக நகரும். எனக்கு அதுவே பிடிக்கும்.

படி 4: பிங்க் ஃபிளாய்ட் – 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' (ஆகஸ்ட்)

அதே கட்டடத்தில், அதே மாதங்களில், பக்கத்து அறையில் உருவானது. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித் முன்பு பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளர். பாடல்களில் பெரும்பாலானவை சிட் பாரெட் எழுதியவை: குள்ளர்கள், பூனை, சோளக்கொல்லை பொம்மை, மிதிவண்டி என்று குழந்தை உலகம்.

இங்கே இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்' ஏறத்தாழ பத்து நிமிடம். பாட்டு வரியே கிடையாது. தொடக்கத்தில் கீழ்நோக்கி இறங்கும் கிதார் வாசகத்தை, அதாவது அந்தச் சிறு இசைத்துணுக்கை, மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளமும் மெட்டும் கலைந்துவிடும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள். அந்த வாசகம் திரும்பி வரும்போது, ஸ்டீரியோ பதிப்பில் ஒலி இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மாறிமாறி ஓடும். ஹெட்ஃபோன் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

படி 5: மூடி புளூஸ் – 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (நவம்பர்)

விடியலில் தொடங்கி இரவில் முடியும் ஒரு நாள் முழுதும் இந்த ஆல்பத்தில் இருக்கிறது. புரோகிரஸிவ் ராக்கின் வாசற்படி இதுதான் என்பது என் கருத்து. பாடல்களுக்கு இடையே வருவது பீட்டர் நைட் நடத்திய சிம்பொனி இசைக்குழு. பாடல்களுக்குள் வயலின் கூட்டம் போலக் கேட்பது பெரும்பாலும் மெலோட்ரான்.

மெலோட்ரான் பற்றித் தெரிந்துகொண்டு கேட்டால் காது கூர்மையாகும். பார்வைக்கு ஆர்கன் போன்றது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அதில் உண்மையான வாத்தியக்காரர் வாசித்த ஒற்றைச் சுரம். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு கார்டை விருப்பம்போல் நீட்ட முடியாது. விரல்களை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். அந்தக் குழுவின் மைக் பிண்டர், மெலோட்ரானைத் தயாரித்த பர்மிங்ஹாம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கருவியின் உள்ளும் புறமும் அறிந்தவர். கடைசிப் பாட்டான 'நைட்ஸ் இன் வைட் சாட்டின்' பல்லவியில், லேசான நடுக்கத்தோடு எழும் அந்தத் தந்தி ஒலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 6: மீதமுள்ளவை

ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்' ஆல்பத்தில் தலைப்புப் பாட்டு போதும், தொடங்குவதற்கு. டேப்பைத் திருப்பிப் போட்டு எடுத்த கிதார் ஒலி அதில் உண்டு. கிதாருக்காகவே கேட்பவர்கள் கிரீம் குழுவின் 'டிஸ்ரேலி கியர்ஸ்' பக்கம் போகலாம். மென்மை வேண்டுபவர்களுக்கு லவ் குழுவின் 'ஃபாரெவர் சேஞ்சஸ்': அகூஸ்டிக் கிதார், வயலின்கள், டிரம்பெட். வெளிவந்தபோது அமெரிக்காவில் அதிகம் விற்கவில்லை. இன்று கேட்டால் அந்த ஆண்டின் மிக அழகான ஆல்பம் அதுவோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

படி 7: 1969-க்குத் தாண்டுங்கள்

'நைட்ஸ் இன் வைட் சாட்டின்' முடிந்த கையோடு, கிங் கிரிம்சன் 1969 அக்டோபரில் வெளியிட்ட 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அதே மெலோட்ரான், இப்போது இயன் மெக்டொனால்டின் கையில். காதல் ஏக்கம் போய், மலை எழுந்து நிற்பது போன்ற ஒலி. அந்தப் பாட்டு ஓரிடத்தில் முடிந்துவிட்டது போல நிற்கும். அணைத்துவிடாதீர்கள், இன்னும் இருக்கிறது.