கடலோரக் கழிவுநீர் நிலையம்: பழியைப் புளோயர் மேல் போடாதீர்கள்

கடற்கரையை ஒட்டிய சிறு குடியிருப்புகளின் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கெட்டால், பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது தொட்டிக்குக் காற்றை ஊதும் புளோயர்தான். கோளாறோ பல நேரம் நிலையத்துக்கு வெளியே, மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் இருக்கும்.

குழாய் இணைப்புகளும் மேன்ஹோல் அடிப்பகுதியும் கசிந்தால், நிலத்தடி உப்புநீர் உள்ளே வரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. 800 மில்லிகிராம் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) உள்ள கழிவுநீரில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே 4,200-ஐத் தாண்டிவிடும்.

பகலில் ஒருமுறை டிடிஎஸ் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று எழுதுவதுதான் முதல் தவறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், அதிகம். அப்போது ஒரு முழு ஓதச் சுற்றுக்கு, அதாவது சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு, மணிக்கு ஒருமுறை நுழைவாயிலில் அளக்க வேண்டும். கடல் ஏறிச் சில மணி நேரம் கழித்தும் நிலத்தடி நீர் உயரலாம். நள்ளிரவுக்குப் பின் யாரும் தண்ணீர் புழங்காத நேரத்திலும் குழாயில் ஓட்டம் குறையவில்லை என்றால், அது வீட்டுத் தண்ணீர் அல்ல. மேன்ஹோல் மேன்ஹோலாக மேல்நோக்கி அளந்துகொண்டே போனால், உப்பு சட்டென்று குறையும் இடத்துக்கும் அதற்கு முந்தைய மேன்ஹோலுக்கும் நடுவில்தான் ஓட்டை. நிலத்தடி நீர் இறங்கிய நேரத்தில் அதை அடைத்துவிடுங்கள். நீர் பீறிடும்போது பூசிய சிமென்ட் கரைந்து போகும்.

உப்பு எப்போதும் ஒரே அளவில் இருந்தால், கழிவைத் தின்று நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் ஓரளவு பழகிக்கொள்ளும். திடீரென ஏறி இறங்குவதுதான் அவற்றைக் கொல்லும். காற்றேற்றுத் தொட்டி நீரை 1 லிட்டர் ஜாடியில் 30 நிமிடம் வைத்தால் வித்தியாசம் தெரியும்: நல்ல நாளில் கசடு கீழே உட்கார்ந்து மேலே தெளிவு, உப்பு தாக்கிய நாளில் மேலே கழுநீர் போன்ற கலங்கல். இதைப் பார்த்துக் காற்றைக் கூட்டினால் நுண்ணுயிர்த் திரள்கள் இன்னும் உடையும். கசடை வாரி வெளியேற்றினால் இருக்கும் உயிரும் போகும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் போதும். வரத்தைச் சீராக்கும் சமன் தொட்டியில் நீரைத் தேக்கி மெதுவாக அனுப்புங்கள்.

ஆய்வுக்கூடத்திலும் ஒரு பொறி. உப்பிலுள்ள குளோரைடு, சிஓடி அளவை (நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) பொய்யாக உயர்த்திக் காட்டும். குளோரைடை அடக்க மெர்குரிக் சல்பேட் சேர்த்தும், லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல், சிஓடியை அளக்கும் வழக்கமான டைக்குரோமேட் முறையை அப்படியே நம்ப முடியாது. மாதிரியின் குளோரைடு அளவை முன்கூட்டியே சொல்லுங்கள்.

நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது தொட்டியை முழுசாகக் காலி செய்வது விலையுயர்ந்த தவறு. 4 மீட்டர் நீள அகலத் தொட்டியின் அடித்தளத்துக்கு 2 மீட்டர் மேலே நீர் நின்றால், கீழிருந்து தள்ளும் விசை 32 டன். எடை குறைந்த எஃப்ஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) தொட்டி மிதந்து, குழாய்களைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். பக்கத்தில் கண்காணிப்புக் குழாய் ஒன்று பதித்து, நீர்மட்டம் பார்த்த பிறகே இறைக்க வேண்டும்.

304 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 போடுங்கள், நடைமேடைக்கு எஃப்ஆர்பி.

கடல்நீரின் சல்பேட், காற்றில்லாக் குழாயில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டது என்று மேன்ஹோலில் இறங்கக் கூடாது: காற்றில் சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) இருந்தாலே மூக்கு மரத்துவிடும். மூடியைத் திறந்து, மேல், நடு, அடி மூன்றிலும் வாயுமானியை இறக்கிப் பார்க்காமல் ஏணியில் கால் வைக்காதீர்கள்.